முத்திரை விழுந்த ஸ்கோர் அட்டைகள்

ஜலஜா முப்பத்தைந்து வருஷம் நோயாளிகளுக்குப் படுக்கை தேடிக் கொடுத்தவள். டெல்லியில் ஒரு பெரிய அரசாங்க ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்து, வார்டு சிஸ்டராகி ஓய்வு பெற்றாள். 'இடமில்லை' என்று வாசலில் எழுதி ஒட்டிய பிறகும், எந்த மூலையில் இன்னொரு கட்டில் நுழையும், யாரை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பலாம் என்பது அவளுக்குத் தெரியும். 1999 தீபாவளி கழிந்த கையோடு அவள் கணவர், "ஜலஜா, என் கலெக்‌ஷனுக்கு ஒரு இடம் பாக்கணும்" என்று சொன்னபோது அவள் அதையும் அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். நோயாளி நான்கு இரும்பு அலமாரி. எங்காவது அட்மிஷன் வேண்டும்.

"இப்ப என்ன அவசரம்?" என்று மட்டும் கேட்டாள்.

"குரல் போறதுக்குள்ள கொடுத்துடணும். எது என்னன்னு வாங்கிக்கறவனுக்கு சொல்லித் தரணுமோல்லியோ."

சேஷாத்ரிக்கு, அதாவது கரோல் பாக் முழுக்கத் தெரிந்த சேஷுவுக்கு, பார்க்கின்சன் என்று டாக்டர் எழுதி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. கை நடுக்கத்துக்கு மாத்திரை உண்டு. குரல் தேய்வதற்கு இல்லை. கம்பீரமாகப் பேசிய மனிதர், இப்போது அடுத்த அறையிலிருந்து கூப்பிட்டால் அவளுக்குக் கேட்பதில்லை. குரலுக்கு இன்னும் ஒரு வருஷம், கூடினால் ஒன்றரை என்று ஜலஜா மனதுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அவரும் போட்டிருக்கிறார் என்பது அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது.

சேஷு மன்னார்குடிப் பக்கத்திலிருந்து இருபது வயதில் டெல்லிக்கு வந்தவர். வந்தது 1951-இல். ஒரு மந்திரிசபை அலுவலகத்தில் தபால் பிரிவில் குமாஸ்தா. கட்டடத்துக்குள் வரும் ஒவ்வொரு தாளும் முதலில் அவர் மேஜைக்கு வரும். நடுவில் ஊதா முத்திரை குத்தி, டைரி எண் போட்டு, தேதி எழுதி, ரிஜிஸ்தரில் ஏற்றி, உரிய பிரிவுக்கு அனுப்ப வேண்டும். முத்திரை விழாத தாள் அந்தக் கட்டடத்தில் இல்லாத தாள். யார் எழுதியிருந்தாலும் சரி, சேஷுவின் கை பட்ட பிறகுதான் அதற்கு உயிர். பிற்பாடு செக்‌ஷன் ஆபீசராக உயர்ந்து ஓய்வு பெற்றாலும், உள்ளுக்குள் அவர் கடைசிவரை தபால் பிரிவுக்காரர்தான்.

அவர் வந்த வருஷம் நவம்பரில் இங்கிலாந்து கிரிக்கெட் அணி கோட்லா மைதானத்துக்கு வந்தது. ஆபீசில் யாரோ கொடுத்த டிக்கெட்டில் போய் உட்கார்ந்தார். ஆட்டத்தைவிட அவரை இழுத்தது, இடைவேளைக்கு இடைவேளை புதிதாக அச்சடித்து விற்ற ஸ்கோர் அட்டை. எவனோ ஒருவன் பந்துக்குப் பந்து எழுதி, இன்னொருவன் அதை ஓடிப்போய் அச்சுக் கோத்து, மசி காய்வதற்குள் கொண்டுவந்து விற்கிறான். சாயங்காலம் ஜனங்கள் அதை மிதித்துக்கொண்டு போனார்கள். சேஷு குனிந்து ஒன்றைப் பொறுக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலையில் மேஜையில் தபால்களோடு அதுவும் இருந்தது. கை பழக்கத்தில் அதன் மேலும் முத்திரையைக் குத்திவிட்டது.

மேலதிகாரி பார்த்துவிட்டு, "இந்த கிரிக்கெட் தபாலுக்கு எந்த செக்‌ஷன் பதில் போடப் போறது?" என்று கேட்டாராம். சர்க்கார் முத்திரையைச் சொந்த உபயோகத்துக்கு எடுத்தது தப்பு என்று சேஷு வருத்தப்பட்டார். முத்திரை குத்தியது தப்பு என்று அவருக்குத் தோன்றவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமையே நயீ சடக்கில் சொந்தமாக ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து வாங்கினார்.

அதிலிருந்து நாற்பத்தெட்டு வருஷம். தரியாகஞ்ச் நடைபாதைப் புத்தகக் குவியல்களில், பழைய பேப்பர்க்காரனின் சாக்கு மூட்டையில், மூடிப்போன கிளப்புகளின் பரணில் அவர் பின்னோக்கியே தேடிக்கொண்டு போனார். ஐம்பதுகளிலிருந்து நாற்பதுகள், அங்கிருந்து முப்பதுகள், இருபதுகள். கோடையில் சர்க்கார் சிம்லாவுக்கு இடம் பெயர்ந்த நாளில் அங்கே குமாஸ்தாக்கள் ஆடிய ஆட்டங்களின் கையெழுத்து ஸ்கோர் புத்தகங்கள் அவரிடம் இருந்தன. சேப்பாக்கத்தில் பொங்கலுக்குப் பொங்கல் இந்தியர்களும் ஐரோப்பியர்களும் மோதிய பிரசிடென்சி மேட்ச் அட்டைகள் மூன்று இருந்தன. மட்டை, பந்து, நட்சத்திர ஆட்டக்காரனின் கையெழுத்து எதையும் அவர் தொடமாட்டார்.

"ரன் எடுத்தவனுக்குப் பேர் இருக்கு, விக்கெட் எடுத்தவனுக்குப் பேர் இருக்கு. நாள் பூரா வெயில்ல உக்காந்து எழுதினவன் பேரை எங்கயாவது போட்டிருக்கானா பாரு" என்பார்.

"எல்லா வார்டுலயும் அப்படித்தான்" என்பாள் ஜலஜா. "ஆபரேஷன் பண்ணின டாக்டர் பேர்தான் சொல்லுவா. பெட்பான் வெச்சவ பேரை யார் கேக்கறா."

அத்தோடு அந்தப் பேச்சு முடியும். அலமாரிகளை அவள் திறந்ததில்லை. பூச்சி வராமல் நாப்தலீன் உருண்டை வாங்கிப் போடுவாள், சமையலறைக்குள் ஒரு தாளும் வரக்கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். அவருக்கு அது, இவளுக்கு ஆஸ்பத்திரி. புனேயில் வேலை பார்க்கும் பிள்ளை அர்விந்துக்கு இரண்டுமே வேண்டியிருக்கவில்லை.

ஜலஜா கோடு போட்ட தாளில் பதினோரு இடங்களுக்குக் கடிதம் எழுதினாள். நாலு பேர் பதில் போட்டார்கள். மூன்று பேர் வாழ்த்துச் சொல்லியிருந்தார்கள். சென்னையில் ஒரு பழைய கிரிக்கெட் கிளப் மட்டும், தாங்கள் சிறிதாக ஒரு அருங்காட்சியகம் தொடங்குவதாகவும், அதைப் பார்த்துக்கொள்ளும் வைத்தியநாதன் ஜனவரியில் ஒரு கல்யாணத்துக்கு டெல்லி வருவதாகவும், வந்து பார்ப்பார் என்றும் எழுதியது.

"பதினொண்ணே கால் மணிக்கு வரச் சொல்லிருக்கேன்" என்றாள் ஜலஜா.

அதற்குக் காரணம் உண்டு. பத்தரை மணி மாத்திரை வேலை செய்ய முக்கால் மணி நேரம் பிடிக்கும். அதற்கப்புறம் ஒன்றரை மணி நேரம் சேஷு சேஷுவாக இருப்பார்.

வந்தவர் ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர். சென்னைக்காரர் என்பது படியேறும்போதே தெரிந்தது. இரண்டு ஸ்வெட்டர், குரங்குக் குல்லாய், அதற்கு மேல் மப்ளர். "வைத்தின்னே கூப்பிடுங்கோ மாமி" என்றார். காகிதத்தைத் தொடுமுன் கை கழுவ வேண்டும் என்று அவராகவே கேட்டார். ஜலஜாவுக்கு ஆள் பிடித்துப் போயிற்று.

சேஷு முதல் ஃபைலைத் தாமே எடுத்துக் கொடுத்தார். வைத்தி திறந்தார். சிம்லா, 1927. மெல்லிய அட்டை, சின்னச் சின்ன அச்சு. அதன் நெஞ்சுக்கு நேரே ஊதா நிறத்தில் சதுர முத்திரை, உள்ளே டைரி எண், பெற்ற தேதி, சேஷுவின் சுருக்கொப்பம். இடது மூலையில் டேக் கயிறு கோர்க்கக் குத்திய ஓட்டை, தொடக்க ஆட்டக்காரரின் பெயரில் பாதியைத் தின்றிருந்தது. வைத்தி அடுத்த தாளைத் திருப்பினார். அதற்கடுத்தது. பிரசிடென்சி மேட்ச் அட்டைகளை எடுத்துப் பார்த்தார்.

"எல்லாத்துலயும் இருக்கா சார், இந்த முத்திரை?"

"ஒண்ணு விடலை" என்றார் சேஷு. "ஆயிரத்து நூத்திப் பதினாறு ஐட்டம். வரிசை தப்பாது."

வைத்தி தண்ணீர் கேட்டுக்கொண்டு சமையலறைக்கு வந்தார். மப்ளரை அவிழ்த்திருந்தார். "மாமி, உங்ககிட்ட சொல்றேன். அந்தப் பொங்கல் மேட்ச் அட்டை எங்க தேடியும் எங்களுக்குக் கிடைக்கலை. இவர்கிட்ட மூணு இருக்கு. மூணுலயும் நட்ட நடுவுல ஸ்டாம்ப். எங்க கமிட்டி இதைக் கண்ணாடிக்குள்ள வைக்க விடமாட்டா. ஓட்டை வேற. ஊருக்குப் போய் லெட்டர் போட்டுடறேனே, மெதுவா."

"நேர்ல வந்துட்டு லெட்டர் எதுக்கு?" என்றாள் ஜலஜா. "நீங்களே சொல்லுங்கோ. சுருக்கமா சொல்லுங்கோ. அவர் கேக்கற கேள்விக்கு மட்டும் பதில். தோளைத் தட்டிக் குடுக்க வேண்டாம்."

வைத்தி போய்ச் சொன்னார். அவள் கதவோரம் நின்றாள். இந்த வியாதியில் முகம் மரத்துப் போகும். துக்கமும் சந்தோஷமும் ஒரே மாதிரி இருக்கும். புதிதாகப் பார்ப்பவருக்கு, சேஷு எதுவும் நடக்காததுபோல உட்கார்ந்திருந்தார். ஜலஜா அவர் வலது கட்டை விரலைப் பார்த்தாள். மாத்திரை வேலை செய்கிற நேரத்திலும் அது ஆட ஆரம்பித்திருந்தது.

"நம்பர் போடாத தாளை எப்படிப்பா தேடறது?" என்று கேட்டார் சேஷு. வாதத்துக்கு அல்ல. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

வைத்தி சங்கடத்தை மறைக்கக் கையில் இருந்த ஃபைலைப் புரட்டினார். அரசாங்க ஃபைல் ஒன்றுக்கு இரண்டு பக்கம் உண்டு: ஒரு பக்கம் வந்த தபால், மறுபக்கம் அதைப் பற்றிய குறிப்புகள் எழுதும் பச்சைத் தாள்கள். சேஷுவின் ஃபைல்களும் அப்படித்தான் இருந்தன. வைத்தியின் கண் பச்சைத் தாளுக்குப் போனது. நின்றது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படிக்கத் தொடங்கினார். காபி ஆறியது. இன்னொரு ஃபைலை அவராகவே எடுத்தார்.

அந்த அட்டையை எழுதிய ஸ்கோரர் யார், அச்சடித்த பிரஸ் எந்தச் சந்தில் இருந்தது, மைதானத்தில் தண்ணீர் தூக்கியவர் இப்போது எங்கே, அம்பயராக நின்ற தலைமை எழுத்தர் எந்த முடிவை மாற்றி எழுதச் சொன்னார், இதையெல்லாம் சேஷு ஆளைத் தேடிப் போய்க் கேட்டு எழுதி வைத்திருந்தார். திமார்ப்பூர், பஹாட்கஞ்ச், சப்ஜி மண்டி என்று முகவரி, சந்தித்த தேதி, நேரம் உட்பட. அந்த மனிதர்களில் ஒருவர்கூட இன்று உயிரோடு இருக்க முடியாது.

"சார்" என்றார் வைத்தி. குரல் மாறியிருந்தது. "இந்தப் பச்சைத் தாளை மட்டும் எங்களுக்குத் தருவேளா? இன்னிக்கே எடுத்துண்டு போறேன்."

"நோட்டிங்கும் தபாலும் ஒரே ஃபைல்" என்றார் சேஷு. "பிரிக்கப்படாது."

"அட்டைகள் இங்கயே இருக்கட்டுமே. பத்திரமா..."

"பிரிக்கப்படாதுப்பா."

வைத்தி போன பிறகு ஜலஜா காபி டம்ளரைக் கழுவின வேகத்தில் அது நசுங்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். வந்து எதிரே நின்றாள்.

"ஊர் பூரா அலைஞ்சு ஒரு பெட் கிடைச்சுது. ஜன்னலோரம் இல்லைன்னு வேண்டாங்கறேள்."

"கையை ஒரு வார்டுலயும் காலை இன்னொரு வார்டுலயும் போடுவியா நீ?"

நாலு மணிக்கு அவருக்கு டீ புகட்டும்போது அவள்தான் மறுபடி ஆரம்பித்தாள். "நகல் அனுப்பலாமா? உங்க ரூல்ல அதுக்கு இடம் உண்டா?"

சேஷு யோசித்தார். "நகல் போகலாம். அசல் நகரப்படாது."

மறுநாள் அவள் ஒரு ஃபைலைத் தூக்கிக்கொண்டு அஜ்மல் கான் ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்குப் போனாள். கடைக்காரன் பச்சைத் தாளை வைத்துப் பார்த்து, முழுக்கக் கறுப்பாக வந்த நகலைத் தூக்கிக் காட்டினான். "மாதாஜி, யே நஹீ ஆயேகா." இது நகலில் வராது என்கிறான். பச்சையின் மேல் மங்கின நீல மசி. பாதிக்கு மேல் பென்சில். மெஷினுக்குப் பிடிபடவில்லை.

"அச்சா, டீக் ஹை" என்று சொல்லிவிட்டு, அதே தெருவில் ஆறு நீள நோட்டுப் புத்தகமும் ஒரு டஜன் பேனாவும் வாங்கிக்கொண்டு வந்தாள்.

தினமும் பதினொன்றே காலிலிருந்து பன்னிரண்டே முக்கால் வரை அவள் எழுதினாள். ஷிஃப்ட் மாறும்போது அடுத்த நர்ஸுக்கு எழுதி வைக்கும் குறிப்பின் கையெழுத்து அது. எந்தத் தூக்கக் கலக்கத்திலும் படிக்கலாம். அவர் பக்கத்தில் சாய்நாற்காலியில் உட்கார்ந்து, புரியாத இடத்தைச் சொல்வார். முதல் வாரம் அவளுக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு மனிதரைப் பார்க்க மூன்று பஸ் மாறிப் போய், அவர் வீட்டில் இல்லை என்பதைக்கூட எழுதி வைத்திருந்தார். "ஆள் இல்லைன்னா இல்லைன்னு விட வேண்டியதுதானே" என்றாள்.

"நீ நாடி பாத்து ஒண்ணும் இல்லேன்னாலும் சார்ட்ல எழுத மாட்டியா?"

எழுதுவாள். அதையும் நகலெடுத்தாள்.

இரண்டாம் வாரம் டைரி எண் 143 வந்தது. டெல்லியில் 1934-இல் நடந்த ஒரு ஆபீஸ் மேட்ச். குறிப்பு இப்படி இருந்தது: 'தகவல் தந்தவர் பச்சைமுத்து, வயது எழுபது, மேற்படி மைதானத்தில் ஸ்கோர் பலகையில் தகர எண்களை மாட்டியவர். ஏழாம் எண் தகடு இரண்டே இருந்ததால், மூன்றாவது ஏழு தேவைப்பட்டபோது ஒன்றாம் எண் தகட்டின் தலையில் சுண்ணாம்பால் கோடு இழுத்து மாட்டியதாகக் கூறுகிறார். சந்தித்த இடம், ஒன்பதாம் வார்டு, படுக்கை 11. பார்வையாளர் நேரம் மாலை நாலு முதல் ஆறு வரை; மூன்று நாட்கள். இவரைக் கண்டறிந்து தெரிவித்தவர், ஸ்டாஃப் நர்ஸ் திருமதி ஜலஜா.'

தேதி 1968 மார்ச். ஜலஜா பேனாவைக் கீழே வைத்தாள். பதினோராம் படுக்கை. அவளுக்கு முகம் நினைவுக்கு வரவில்லை. அந்த வருஷம் அவள் எத்தனையோ பேரைக் கழுவித் துடைத்து அனுப்பியிருப்பாள்.

"நான் எப்ப உங்ககிட்ட சொன்னேன் இதை?"

"ராத்திரி சாப்பிடறச்சே. கிழவர் ஒருத்தர் காத்துல நம்பர் மாட்டறார், ஜன்னி போலிருக்குன்னு சொன்னே. ஜன்னி இல்லே, உத்தியோகம்னு எனக்குத் தோணித்து."

"நான் சொல்றதை நீங்க கேக்கறதே இல்லைன்னு அப்ப சண்டை போட்டுண்டிருந்தேன்."

"அதுவும் ஞாபகம் இருக்கு."

அதற்கப்புறம் அவள் தன் பெயருக்காகவும் பார்த்துக்கொண்டே எழுதினாள். எல்லாமாகப் பத்தொன்பது இடத்தில் இருந்தது. எலும்பு முறிவோடு வந்த ரயில்வே அம்பயர், பிரசவத்துக்கு வந்த பெண்ணின் மாமனார், கண் ஆபரேஷனுக்கு வந்த அச்சுக்கோப்பவர். வீட்டுக்கு வந்து அலுப்போடு அவள் சொன்ன ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு இவர் மறுநாள் நாலு மணிக்கு வார்டு வாசலில் நின்றிருக்கிறார். தனக்கு டிஃபன் கொண்டுவந்ததாகவே அவள் இத்தனை நாள் நினைத்திருந்தாள். டிஃபனும் கொண்டுவந்தார்தான்.

ஏப்ரல் முடியும்போது தொண்ணூறுகளின் ஃபைல்களுக்கு வந்தாள். அங்கே வேலை மெதுவாகியது. எழுத்தைப் படிக்க முடியவில்லை. பூதக்கண்ணாடி வாங்கினாள். அப்படியும் ஒரு நாளைக்கு இரண்டு தாளுக்கு மேல் நகரவில்லை. ஒரு நாள், எந்த வருஷத்திலிருந்து இப்படி என்று பார்ப்பதற்காக வருஷத்துக்கு ஒரு தாள் எடுத்துக் கட்டிலின் மேல் வரிசையாகப் பரப்பினாள்.

பரப்பிய பிறகு அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. காய்ச்சல் சார்ட் போலத் தெளிவாக இருந்தது. 1989, கொழுத்த கையெழுத்து. 1990, அதேதான். 1991-இல் ஒவ்வொரு வரியும் சரியான அளவில் தொடங்கி, முடியும்போது சிறுத்திருந்தது. 1993-இல் தொடக்கமும் சிறுத்துவிட்டது. 1996-இல் எறும்பு வரிசை. பார்க்கின்சன் கையெழுத்தைச் சுருக்கும் என்பதை அவள் பயிற்சி நர்ஸுகளுக்குப் பாடமாகவே சொல்லியிருக்கிறாள். வியாதிக்கு டாக்டர் பெயர் வைத்தது 1997-இல், ஷேவ் பண்ணும்போது கத்தி தாடையைக் கீறின பிறகு. ஆறு வருஷம் அது இந்த அலமாரிக்குள் எழுதிக்கொண்டே வந்திருக்கிறது. அவள் அதற்கு நாப்தலீன் வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"எழுத்து சின்னதாயிண்டே வந்திருக்கு" என்றாள். "கவனிக்கலையா நீங்க?"

"கவனிச்சேன். பேனா சரியில்லைன்னு நெனச்சேன். நாலு பேனா மாத்தினேன்."

"எங்கிட்ட சொல்லப்படாதா?"

"நாலையும் நீதானே வாங்கிண்டு வந்தே."

குக்கரில் இன்னும் ஒரு விசில் பாக்கி இருந்தது. ஜலஜா எழுந்து போய், விசில் வருகிறவரை அடுப்பின் பக்கத்தில் நின்றாள். வேறொருவர் வந்து அழுதால் என்ன சொல்லியிருப்பாளோ அதைத் தனக்கே சொல்லிப் பார்த்தாள். முன்னாலேயே தெரிந்திருந்தாலும் வியாதி நின்றிருக்காது, உடற்பயிற்சி ஆரம்பித்திருக்கலாம், அவ்வளவுதான். எல்லாம் சரியான தகவல். ஆனாலும் அடுப்பை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்தபோது சேஷு மிகவும் கஷ்டப்பட்டு உடம்பை முன்னால் சாய்த்து, கட்டிலில் கிடந்த தாள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ முன்னாடியே பாத்திருந்தா தொண்ணூத்தொண்ணுலயே மாத்திரையும் கஞ்சியும் ஆரம்பிச்சிருப்பே" என்றார். "எனக்கு ஆறு வருஷம் லாபம்."

"பேசாம இருங்கோ" என்றாள் ஜலஜா. அவர் முதுகுக்குத் தலையணையைச் சரி செய்துவிட்டு, கையை உடனே எடுக்காமல் அங்கேயே வைத்திருந்தாள். பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள்.

எழுதி முடித்த நோட்டுகளை அவ்வப்போது ரிஜிஸ்தர் தபாலில் சென்னைக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள். ஜூன் மாதம் வைத்தியிடமிருந்து நீண்ட கடிதம் வந்தது. சேஷுவுக்கு அவள் உரக்கப் படித்தாள்.

'குறிப்புகளில் எல்லா இடத்திலும் "டைரி எண் 87-ஐயும் 402-ஐயும் ஒப்பிடுக" என்று இருக்கிறது. அட்டை கையில் இல்லாமல் குறிப்பு விளங்கவில்லை. அந்த முத்திரை இல்லாவிட்டால் எந்த அட்டைக்கு எந்தக் குறிப்பு என்று இனி எவராலும் சொல்ல முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்க முடியாது என்பதில் கமிட்டிக்கு இன்னும் மாற்றமில்லை. நான் வேறு யோசனை சொன்னேன். நூலக அறையில் ஒரு பெரிய மேஜை போட்டு, வருகிறவர்கள் உட்கார்ந்து கையில் எடுத்துப் படிக்கும்படி வைக்கலாம் என்று. ஒப்புக்கொண்டார்கள். ஃபைல்களைப் பிரிக்காமல் அப்படியே அனுப்பித் தர முடியுமா?'

"'பிரிக்காமல்'னு எழுதியிருக்கானா?" என்றார் சேஷு. அதற்குள் அவர் குரல் அடித்தொண்டைக்குப் போயிருந்தது.

"எழுதியிருக்கார்."

"இன்னொரு தரம் படி."

படித்தாள்.

"கையெழுத்துப் போட்டிருக்கானா, இல்ல சும்மா டைப் அடிச்சதா?"

"போட்டிருக்கார். தேதியும் இருக்கு."

"அப்ப சரி."

மழைக்காலத்தில் காகிதம் பயணம் பண்ணக்கூடாது என்று அக்டோபர் வரை காத்திருந்தார்கள். அதற்கு விலையும் கொடுக்க வேண்டியிருந்தது. ஆகஸ்டில் சேஷு மார்ச்சளி வந்து படுத்தார். எழுந்தபோது குரல் வெறும் மூச்சாக இருந்தது. வாயருகே காதை வைத்தால் ஜலஜாவுக்கு மட்டும் கேட்கும். மாத்திரை தரும் நேரமும் முக்கால் மணியாகச் சுருங்கிவிட்டது. 'சொல்லித் தரணுமே' என்ற ஒரே வார்த்தையைத் தினம் ஒரு முறையாவது அவள் காதில் ஊதினார். "தருவோம், சாப்பிடுங்கோ" என்று அவள் கஞ்சியை ஊட்டினாள்.

வைத்தி நான்கு தகர டிரங்குப் பெட்டிகளோடு வந்தார். இந்தத் தடவை ஒரே ஸ்வெட்டர். ஒவ்வொரு ஃபைலாகச் சரிபார்த்து, சந்தேகம் கேட்டு, எழுதிக்கொண்டு, பெட்டியில் அடுக்க வேண்டும். நாலு நாள் ஆகும் என்று சேஷு முன்பே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

முதல் நாள் வைத்தி கேள்வி கேட்பார், சேஷு மூச்சு விடுவார், ஜலஜா அவர் வாயருகே காதை வைத்துக் கேட்டுப் பதிலைச் சொல்வாள். இரண்டு ஃபைலுக்கே அவருக்கு வேர்த்துவிட்டது. இரண்டாம் நாள், அவர் வாயைத் திறப்பதற்குள் சில பதில்கள் அவள் வாயிலிருந்து வந்துவிட்டன. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள். சரி என்றால் கண்ணை ஒரு தரம் மூடித் திறப்பார். தப்பு என்றால் கட்டை விரல் நாற்காலிக் கையைத் தட்டும். அன்று இரண்டு தடவை தட்டினார். இரண்டும் சரியான திருத்தம்தான்.

மூன்றாம் நாள் தட்டவே இல்லை.

"மாமி, 611-ல ரெண்டு அம்பயர் பேரையும் பென்சிலால அடிச்சிருக்கே. யார் அடிச்சது?" என்று கேட்டார் வைத்தி.

"கலியன்னு ஒரு ஸ்கோரர். அவரேதான் அடிச்சார்" என்றாள் ஜலஜா. "மத்தியானத்துக்கு மேல ரெண்டு அம்பயரும் சாப்பிடப் போனவா திரும்பி வரலை. ஆடறவாளே ஆளுக்குக் கொஞ்ச நேரம் நின்னிருக்கா. நிக்காத ஆள் பேரை நான் எப்படி விட்டு வைக்கறதுன்னு கலியன் அடிச்சுட்டார். அதுக்காக அவரை அடுத்த மேட்சுக்குக் கூப்பிடலை. அந்தக் கதை 614-ல இருக்கு. ரெண்டையும் சேத்து வையுங்கோ."

வைத்தி சிரித்துக்கொண்டே எழுதினார். ஜலஜா சரிதானா என்று திரும்பிப் பார்த்தாள். சேஷுவின் கண் மூடியிருந்தது. திறக்கவில்லை. அவள் கை தானாக மணிக்கட்டுக்குப் போய் நாடியைப் பார்த்தது. நிதானமாக, ஒழுங்காக ஓடியது. மார்பு ஏறி இறங்கியது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

ஃபைல் திறந்திருக்கும்போது அவர் தூங்கி அவள் பார்த்ததில்லை. இந்த மூன்று நாளும் மத்தியானத் தூக்கத்தைக்கூட வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவர்.

"மாமாவை எழுப்பணுமா? நாளைக்குப் பாத்துக்கலாமா?" என்று வைத்தி கிசுகிசுத்தார்.

ஜலஜா போர்வையை இழுத்து அவர் கழுத்துவரை போர்த்தினாள். நாற்காலியைக் கொஞ்சம் பெட்டிப் பக்கமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"எதுக்கு எழுப்பணும்? தூங்கட்டும்" என்றாள், தணிந்த குரலில். "அடுத்தது என்ன, 612-ஆ? கேளுங்கோ."